கோழி மணி பார்க்குமா?

அந்த அறையின் கதவில் 'சிறப்புப் பொருள்கள் ஒப்புதல் பிரிவு' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தது. உள்ளே ஒப்புதலைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். சூடான தேநீர் கிடைக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கிடைக்கும். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற தகவல் கிடைக்கும். ஒப்புதல் மட்டும் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வந்துகொண்டே இருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் சாமான்களை விடலாமா, நிறுத்தலாமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அரசாங்கக் காகிதங்களில் அந்தப் பக்கத்துக்குப் 'பதற்றம் நிறைந்த வட்டாரம்' என்று பெயர். அங்கே மலையில் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை அடக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு கீழே ஓர் அரசாங்கம் இருந்தது. இரண்டு பேரையும் நம்பாத இந்தப் பக்கத்து அரசாங்கம், யார் கைக்கும் வெடிக்கிற சாமான் எதுவும் போய்விடக் கூடாது என்று தடை போட்டிருந்தது. துப்பாக்கிக்காரர்களுக்கு வேண்டியது வேறு வழியில் போய்க்கொண்டுதான் இருந்தது. நடுவில் இருந்த ஜனங்களுக்கு ஒன்றும் போகாமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் அந்தத் தடை முழு வெற்றி பெற்றிருந்தது.

பிரிவின் வேலைமுறை மிகவும் யோசித்து அமைக்கப்பட்டது. ஒரு சாமானை அனுப்பலாம் என்று எழுத மூன்று கையெழுத்து வேண்டும். நாளைக்கு அது எங்காவது வெடித்தால் மூன்று பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அனுப்பக் கூடாது என்று எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். வியாபாரி நீதிமன்றத்துக்குப் போய் நிற்பார். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம், ஒரு காரணமும் வேண்டாம். பதில் வந்தால் அந்தப் பதிலைப் பற்றி இன்னொரு கேள்வி. ஆகவே அந்த அறையில் எந்த விண்ணப்பமும் மறுக்கப்பட்டதே கிடையாது. வெளிநாட்டுத் தூதர்கள் வந்தால் இதைத்தான் முதலில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தக் கலையில் கரைகண்டவள் 'எதுக்கு மேடம்'. ஓய்வு பெறும் வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மூத்த அலுவலர். எந்த விண்ணப்பம் வந்தாலும் அவள் பேனாவிலிருந்து முதலில் விழும் சொல் 'எதற்கு?' என்பது. அதனால்தான் அந்தப் பெயர். ஒருமுறை சைக்கிள் பம்ப் எதற்கு என்று கேட்டாள். காற்றடிக்க என்று பதில் வந்தது. எதற்குக் காற்றடிக்க என்று கேட்டாள். சைக்கிளுக்கு என்றார்கள். சைக்கிள் எங்கே போகிறது என்று கேட்டாள். அப்புறம் பதிலே வரவில்லை. சைக்கிளும் எங்கேயும் போயிருக்காது.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவள் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரியின் கணவர் பேருந்து நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றபோது ஒரு பை வெடித்தது. பைக்குள் இருந்தது, இங்கிருந்து எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஒரு பழைய வாஷிங் மெஷின் டைமர். அதற்குப் பிறகுதான் டைமர் என்று பெயர் உள்ள எதையும் முழுசாக விசாரிக்காமல் அந்தப் பக்கம் அனுப்பக் கூடாது என்ற விதி வந்தது. அதற்குப் பிறகுதான் பக்கத்து மேசைக்காரிக்கு இந்த வேலையும் வந்தது. அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பவளுக்கு 'எதற்கு?' என்ற கேள்வி வேடிக்கையாகத் தோன்றாது.

ஆனால் வேடிக்கை ஒருநாள் தானாக வந்து மாட்டிக்கொண்டது.

குஞ்சு பொரிக்கும் இயந்திரத்துக்கு டைமர்கள் வேண்டும் என்று ஒரு வியாபாரியின் விண்ணப்பம் வந்தது. அந்தப் பக்கத்து மகளிர் கூட்டுறவுப் பொரிப்பகம் ஒன்றுக்கு. மேடம் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தாள். 'முட்டை பொரிக்க டைமர் எதற்கு? கோழி மணி பார்த்தா அடைகாக்கிறது?' என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்தாள். அடக்க முடியாமல் உரக்கவும் படித்துவிட்டாள்.

அறையே குலுங்கியது. பக்கத்து மேசைக்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதுவே மேடத்துக்கு ஒரு விருது மாதிரி இருந்தது. இயக்குநர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, என்ன, எனக்கும் சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் நகரத்துப் பெரிய ஹோட்டலில், இரண்டு பக்கத்து அரசாங்கங்களும் பேச்சுவார்த்தை நடத்துவது பற்றிய பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. விருந்தில் இயக்குநர் கோழியை எடுத்துவிட்டார். வெளிநாட்டுத் தூதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். அந்தப் பக்கத்துக் குழுவின் தலைவர்கூடச் சிரித்தாராம். அவர் எதற்கும் சிரிப்பவர். அதற்காகவே தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவர்.

"மேடம், உங்க கோழி நேத்து உலக அரங்கத்துல ஏறிடுச்சு" என்றார் இயக்குநர் மறுநாள்.

வீட்டுக்குப் போய் மேடம் கணவரிடம் சொன்னாள். அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். மனிதர்களைச் சாவைப் பற்றி நினைக்கவைப்பதற்கு முன்னால் கொஞ்சம் சிரிக்கவைக்க வேண்டிய தொழில். "அட்டகாசம்மா! நாளைக்கே எடுத்து விடறேன் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையிடமிருந்து போன் வந்தது.

தங்கை அந்தப் பக்கத்தில் இருந்தாள். எல்லை என்பது பேருந்து கொஞ்ச நேரம் நின்று போகும் ஓர் இடமாக மட்டும் இருந்த காலத்தில் அங்கே கல்யாணமாகிப் போனவள். அப்புறம் முள்வேலி வந்தது, தடை வந்தது. தங்கையின் கணவர் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார், போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. வாரம் ஒரு போன் மட்டும் மிஞ்சியது. அந்தப் பக்கத்தில் சொந்தம் உள்ளவர்கள் ஒப்புதல் பிரிவில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மேடம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்ட அறையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் யாருமே கேட்கவில்லை. தங்கையிடமும், "அரசாங்கத்துல பேப்பர் வேலைடி" என்பதோடு நிறுத்தியிருந்தாள்.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?"

"முட்டை திருப்பிட்டு இருக்கேன்க்கா."

"ஆம்லெட்டா?"

"ஆம்லெட்டுக்கு எதுக்குக்கா இவ்ளோ மூச்சு? பொரிக்கிற முட்டை. நம்ம பண்ணை மெஷின்ல டைமர் போயிடுச்சு. அது இருந்தா தட்டு தானாச் சாஞ்சு முட்டை புரளும். இப்ப நாங்க பொம்பளைங்கல்லாம் முறை போட்டுக் கையால திருப்பறோம். ராத்திரியும் எழுந்திருக்கணும். விட்டா, குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிட்டு உள்ளேயே செத்துடும்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை 'பண்ணை, பண்ணை' என்று சொன்னபோதெல்லாம், கொல்லையில் நாலு கோழி மேய்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு கூட்டுறவு, அதற்கு ஒரு பெயர், அந்தப் பெயர் தன் மேசைக்கு வரும் என்று யார் கண்டது?

"வியாபாரிகிட்ட சொல்லி எத்தனை நாளாச்சு தெரியுமா? உங்க ஊர்ல எவனோ ஒரு படிச்ச முட்டாள் நிறுத்தி வெச்சிருக்கான்க்கா. என்ன கேட்டு எழுதியிருக்கான்னு படிக்கிறேன், இரு."

"வேண்டாம்டி, விடு."

"கேளுக்கா நீ. 'கோழி மணி பார்த்தா அடைகாக்கிறது?' எப்படி இருக்கு? இங்க எங்க விரலெல்லாம் மரத்துக் கிடக்கு, அவனுக்கு நக்கல். அவன் ஒரு நாள் வந்து முட்டை திருப்பட்டும், அப்ப தெரியும் கோழி என்ன பார்க்குதுன்னு."

அந்த 'அவன்' என்ற சொல்லுக்குப் பின்னால் மேடம் கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டாள். பிறகு பேச்சை மாற்றும் சாக்கில், "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"அதான்க்கா என் பயமே" என்று தங்கை குரலைத் தணித்துக்கொண்டாள். "பண்ணை ஓடற வரைக்கும் அவனுக்கு இங்க வேலை இருக்கு. இதையும் மூடிட்டா மேலே போயிடுவான். அவன் சோட்டுப் பசங்க பாதிப் பேர் போயாச்சு. சாப்பாடு போடறாங்களாம், பூட்ஸ் குடுக்கறாங்களாம்."

மேலே என்றால் மலை. மலை என்றால் துப்பாக்கிக்காரர்கள். அந்த வட்டாரத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஆள் எடுக்கும் ஒரே நிறுவனம் அதுதான்.

"நீ அரசாங்கத்துல இருக்கியேக்கா. யாரையாவது பிடிச்சு அந்த டைமரை மட்டும் விடச் சொல்லேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

"விசாரிக்கிறேன்டி" என்றாள் மேடம். வாழ்க்கை முழுவதும் செய்துவந்த வேலையையே மறுபடியும் வாக்குறுதியாகக் கொடுத்தாள்.

பையன் போனைப் பிடுங்கிக்கொண்டான். அவனைக் கைக்குழந்தையாக ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுடைய கைப்பையின் வாரைக் கடித்து வைத்துவிட்டான். பல் தடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பையை அவள் தூக்கிப் போடவில்லை.

"பெரியம்மா! அந்த ஆளைக் கண்டுபிடிச்சீங்கன்னா சொல்லுங்க. எங்க கோழிக்கு ஒரு வாட்ச் கட்டி போட்டோ எடுத்து அனுப்பறேன். அதைப் பார்த்தாவது நம்பறானான்னு பார்ப்போம்."

"சரிடா கண்ணு" என்றாள் மேடம்.

மறுநாள் காலையில் கணவர் ஆம்லெட் போட்டு வைத்திருந்தார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"ஏன், உடம்பு சரியில்லையா? உன் கோழி ஜோக்கைச் சொன்னேன்மா, ஒரு பாலிசி விழுந்துடுச்சு!"

"இனிமே அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஏம்மா? ஜோக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அதாங்க கஷ்டம்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு ஆம்லெட்டையும் தானே சாப்பிட்டார்.

அலுவலகத்தில் வியாபாரியின் பதில் வந்து காத்திருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், கோழி அடிக்கடி தன் அலகால் முட்டையைப் புரட்டிவிடும். இயந்திரத்துக்கு அலகு இல்லாததால் டைமர் தேவைப்படுகிறது.' மேடம் அந்த வரியைப் படித்துக்கொண்டே இருந்தாள். வழக்கப்படி கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அவள் கைக்குத் தானாக வந்தது: எத்தனை முட்டை, எதற்கு அத்தனை? கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சொந்தத்தைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்கினால் விண்ணப்பம் வேறு பிரிவுக்குப் போகும். அங்கே அதைப் பற்றியும் அவளைப் பற்றியும் சேர்த்துக் கேள்விகள் கேட்பார்கள். அது முடிவதற்குள் பையன் மலையில் தளபதியாகவே ஆகிவிடுவான். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், உழைத்த உழைப்பெல்லாம் ஒரு பொய்யின் மேல் உட்காரும். மேடம் பேனாவைத் திறந்தாள். முதல் கையெழுத்தைப் போட்டாள். மசி காய்வதற்குள் தாளைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தினாள்.

பக்கத்து மேசைக்காரி படித்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வி தன்னை நோக்கி வந்தால் எப்படி இருக்கும் என்று மேடத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

"முட்டை திருப்ப."

"அதை நானும் படிச்சேன்ப்பா. நான் கேக்கறது, நீ எதுக்குன்னு. இந்த ரூம்ல நீ முதல் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்ல. அங்க உனக்கு யாரு?"

அறையில் மற்றவர்கள் யார் வீட்டில் யார் பேசுவதில்லை என்ற விவாதத்தில் இருந்தார்கள். மேடம் மெதுவாக, "தங்கச்சி" என்றாள். "ஒரு பையன் இருக்கான். இது போகலேன்னா அவன் மேலே போயிடுவான்."

பக்கத்து மேசைக்காரி பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. குடையைக் குடுத்து அனுப்பினேன். குடை திரும்பி வந்துச்சு" என்றாள். "அந்த டைமரை யார் விட்டாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியாது. விட்டவங்களும் யாரோ ஒரு தங்கச்சிக்காகத்தான் விட்டிருப்பாங்க. துணி துவைக்கத்தான்னு நினைச்சிருப்பாங்க."

மேடம் தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். பக்கத்து மேசைக்காரி தாளின் மேல் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இரு. முட்டை திருப்பற பொம்பளைங்களா என் வீட்டுக்காரரைக் கொன்னாங்க?"

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சா இந்த ரூமே வேண்டாமே." கையெழுத்துப் போட்டாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. எனக்கு நன்றி கின்றின்னு சொல்லிடாதே. சொன்னே, அடிச்சுடுவேன்."

மேடம் மூன்றாவது கையெழுத்துக்கு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் தாளைப் பார்த்து அதிர்ந்துபோனார். "மேடம், விளையாடறீங்களா? அந்தக் கோழியை நான் தூதர் வரைக்கும் கொண்டுபோயிருக்கேன். அவர் தன் நாட்டுக்கே எழுதிட்டாராம். இப்ப கோழி மணி பார்க்குதுன்னு நாமே ஒத்துக்கறதா?"

"பார்க்குது சார்."

"என்னது?"

"அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு சார். நேரம் வந்தா அலகால முட்டையைத் திருப்பி வைக்குது. நான்தான் தெரியாம எழுதிட்டேன்."

சொந்த நகைச்சுவையைத் தன் கையாலேயே கழுத்தைத் திருகிக் கொல்வது எளிதல்ல. மேடம் அதைச் செய்தாள். ஆனாலும் இயக்குநர் அசையவில்லை. ஜோக்கு அதற்குள் அவருடையதாகிவிட்டது. சிரித்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். அப்போதுதான் மேடத்துக்கு இன்னொரு யோசனை பளிச்சென்று வந்தது. அவளுக்கு வரும் யோசனைகள் எல்லாமே அந்த நேரத்துக்குப் பிரமாதமாகத்தான் இருக்கும்.

"சார், பேச்சுவார்த்தையில நம்ம பக்கத்துலேருந்து ஏதாவது நல்லெண்ண நடவடிக்கை காட்டணும்னு சொல்லிட்டிருந்தீங்களே. இதையே காட்டலாமே? விவசாயம், பெண்கள், கோழிக்குஞ்சு. யாரும் குறை சொல்ல முடியாது."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "மேடம்! நீங்க ரிடையர் ஆகக் கூடாது!" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். தாளைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"சார், அதை அனுப்ப வேண்டாமா?"

"இப்ப விட்டா யாருக்கு மேடம் தெரியும்? பேச்சுவார்த்தை முடியற அன்னிக்கு அறிவிப்போம்."

"அது எப்ப சார் முடியும்?"

"முதல்ல ஆரம்பிக்கணுமில்ல?"

பேச்சுவார்த்தை ஆரம்பிக்கவில்லை. ஒரு தலைவரின் நாற்காலிக்குக் கை இருந்தது, மற்றவரின் நாற்காலிக்குக் கை இல்லை. அதைச் சரிசெய்தார்கள். அதற்குள் ஒருவருக்குப் பல்வலி வந்து ஊருக்குப் போனார். அவர் வந்ததும் மற்றவர் கோபித்துக்கொண்டு போனார். ஒவ்வொரு ஞாயிறும் தங்கை கேட்பாள், "என்னக்கா ஆச்சு?" ஒவ்வொரு ஞாயிறும் மேடம், "வந்துடும்டி, கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு" என்பாள். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் மோசம். இயக்குநர் அறைக்கு வெளியே போகும்போதெல்லாம் இழுப்பறையின் சாவித்துவாரம் அவளையே பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டு முறை உள்ளே போய்க் கேட்டும் பார்த்தாள். "பொறுமை மேடம். ராஜதந்திரம்னா சும்மாவா?" என்றார்.

தங்கையின் குரல் வாரத்துக்கு வாரம் இளைத்தது. இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஒரு தட்டு முழுவதும் பொரிக்காமல் கெட்டுப்போனது. "உடைச்சுப் பார்த்தேன்க்கா. ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டு" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள், ஞாயிறு அல்லாத ஒரு நாள், அலுவலகத்தில் இருக்கும்போதே போன் வந்தது. தங்கை அழவில்லை.

"பையன் மேலே போயிட்டான்க்கா. காலைல எழுந்து பார்த்தா ஆளைக் காணோம். போறதுக்கு முன்னாடி முட்டையெல்லாம் திருப்பி வெச்சுட்டுப் போயிருக்கான்."

மேடம் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். பக்கத்து மேசைக்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்து அவள் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த அறையில் கேள்வி கேட்காமல் நடந்த முதல் காரியம் அது.

அதற்கு அடுத்த வாரமே இரண்டு தலைவர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் அரசுப் பேச்சாளர், 'வேளாண் துறையில் குறிப்பிடத்தக்க தளர்வு' என்று அறிவித்தார். நிபுணர்கள் உட்கார்ந்து கோழிக்குஞ்சின் புவிசார் அரசியலை விவாதித்தார்கள். இயக்குநருக்கு வெளிநாட்டில் பதவி கிடைத்தது. விடைபெறும் விருந்தில் கோழி ஜோக்கை மறுபடியும் சொன்னார். இந்த முறை கடைசியில் கோழிதான் ஜெயித்தது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

டைமர்கள் போய்ச் சேர்ந்தன.

"உன்னாலதான்க்கா வந்துச்சு!" என்றாள் தங்கை. "இங்க எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றோம். நீ எத்தனை பேர் கால்ல விழுந்தியோ!"

படித்த முட்டாள் என்று திட்டியதே தேவலையாக இருந்தது. மேடம் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். "இந்தாடி, அந்தக் கோழி மணி பார்க்குமான்னு எழுதினது இருக்கே, அது..."

"அவனை விடுக்கா. எனக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு. அவனும் யார் வீட்டுப் பிள்ளையோ. மேலேயிருந்து என்ன சொன்னாங்களோ, அப்படி எழுதியிருப்பான்."

மன்னிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அது வேறு யாரோ ஒருவனுக்குக் கிடைத்தது. அதை எப்படித் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது என்று மேடத்துக்குத் தெரியவில்லை. "ஆமாண்டி, இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கும் பக்கத்து மேசைக்காரிக்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காலையில் வந்ததும் ஒரே செய்தித்தாளை ஆளுக்கு ஒரு முனை பிடித்துக்கொண்டு படிப்பார்கள். முதல் பக்கம், உள்பக்கம், எல்லைச் செய்தி. எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை என்றால் தாளை மடித்து வைத்துவிட்டுத் தேநீர் குடிப்பார்கள். எதைத் தேடுகிறோம் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை.

பனிக்காலம் போய் வெயில் திரும்பிய சமயத்தில் பையன் திரும்பி வந்தான்.

தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் முதலில் அவளுடைய நனைந்த கண்கள்தான் தெரிந்தன. பிறகு பையன். தாடி வைத்திருந்தான். தோள் அகலமாகியிருந்தது. சிரித்தபோது மட்டும் கைப்பை வாரைக் கடித்தவன் தெரிந்தான்.

"பெரியம்மா! நல்லா இருக்கீங்களா?"

"நீ நல்லா இருக்கியாடா? அங்க என்னடா பண்ணே இத்தனை நாள்?"

"சும்மாதான் பெரியம்மா. சமையல், காவல், ரிப்பேர். அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே பண்ணைதான்."

அவன் சொன்னதை நம்புவதற்கு மேடம் முழு மனதோடு தயாராக இருந்தாள். தங்கை போனை வாங்கிக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை.

"டைமரையெல்லாம் இப்ப இவன்தான்க்கா பாத்துக்கறான். ஒண்ணு மக்கர் பண்ணுச்சு, கண்ணை மூடிக்கிட்டு அக்குவேறா ஆணிவேறா கழட்டி மாட்டிட்டான். எங்கடா கத்துக்கிட்டேன்னா சிரிக்கிறான். ஸ்பேர்ல இருக்கட்டும்னு இன்னும் கொஞ்சம் டைமர் கேக்கறான்க்கா. வியாபாரிகிட்ட சொல்லிட்டோம். நீ ஒரு வார்த்தை சொன்னா சீக்கிரம் விட்டுடுவாங்க."

பின்னால் பையன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி, தட்டிலிருந்து முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பத்திரமாக. கைகள் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மேடத்தின் நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது. சைக்கிள் பம்பைக் கேட்ட சொல். முன்பின் தெரியாத ஆயிரம் பேரைத் தயங்காமல் கேட்ட சொல். தன் தங்கை மகனைப் பார்த்து அது வெளியே வரவில்லை.

"சொல்றேன்டி" என்றாள்.

விண்ணப்பம் வந்தது. அதே வியாபாரி, அதே பொரிப்பகம். மேடம் அதைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தவில்லை. கேள்வியும் எழுதவில்லை. தன் இழுப்பறையில் வைத்தாள். கேட்டால், அவனைச் சந்தேகப்பட்டவள் ஆகிறாள். மறுபடியும் அவனை மலைக்கு அனுப்புகிறவள் ஆகிறாள். கையெழுத்துப் போட்டால், நாளைக்கு எந்தக் குடை யார் வீட்டுக்குத் திரும்பி வருமோ. ஞாயிறுதோறும் தங்கை கேட்டாள், "என்னக்கா ஆச்சு?"

காலையில் செய்தித்தாளை மடித்து வைத்த பிறகு அவள் இழுப்பறையைத் திறப்பாள். தாளை வெளியே எடுப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு அதை மறுபக்கமாகப் புரட்டி உள்ளே வைப்பாள். மதியம் ஒருமுறை. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை.

"என்னப்பா பண்றே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி ஒரு நாள்.

"திருப்பி வைக்கிறேன்" என்றாள் எதுக்கு மேடம். "அப்படியே விட்டா ஒட்டிக்கும்."